சூளைமேட்டுத் தெருவில் பிஸ்கட் என்றால்

அனுசியா அந்தச் செய்தியை மூன்று முறை பதிவு செய்தாள். முதல் இரண்டையும் அழித்தாள். அழித்த இரண்டில்தான் உண்மை இருந்தது. இதை முதலிலேயே உங்களிடம் சொல்லிவிடுகிறேன். பின்னால் தெரிந்துகொண்டு அவள்மேல் கோபப்படுவதைவிட, இப்போதே பட்டுவிட்டு மீதியைக் கேளுங்கள்.

அவள் எங்கள் வார்டு கவுன்சிலர். சேத்தியாத்தோப்புப் பக்கம் நெல் வயல்களுக்கு நடுவில் பிறந்து, விருத்தாசலத்தில் வாழ்க்கைப்பட்டு, பதினைந்து வருடம் தையல் வகுப்பு நடத்தியவள். அந்த வகுப்புக்கு வந்த பெண்கள் போட்ட ஓட்டிலேயே ஜெயித்தாள். சனிக்கிழமைதோறும் மூன்று மணிக்கு வார்டு செய்தி என்று ஒன்றைத் தன் குரலிலேயே பேசிப் போனில் அனுப்புவாள். போன் பார்க்காதவர்களுக்காக அதையே ஒரு ஆட்டோவில் மைக் கட்டித் தெருத்தெருவாகப் போட்டுக்கொண்டு போவார்கள். எந்தத் தெருவுக்குத் தண்ணீர் எப்போது வரும், நாய்களுக்கு ஊசி எந்தக் கிழமை, எந்தச் சாக்கடை மூடி உடைந்து கிடக்கிறது, முதியோர் பென்ஷன் மனுவை எங்கே கொடுப்பது எல்லாம் அதில் வந்துவிடும். சொன்னதைச் செய்யவும் செய்வாள். பாதிக்கு மேல் செய்வாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் காலத்தில் அதுவே பெரிது.

அந்தச் சனிக்கிழமை பகலில், சூளைமேட்டுத் தெரு முனையில் தாய்மாருக்கு ஒரு சத்துணவு முகாம் நடத்தினாள். கூட்டம் கலையும்போது நாற்பத்தொரு பேருக்கு ஆளுக்கொரு பை கொடுத்தாள். பையில் சத்துமாவு, கடலை உருண்டை, பேக்கரியில் தாள் பொட்டலமாகக் கட்டிய பிஸ்கட். மழைக்கு விட்ட லீவுக்கு ஈடாக அன்றைக்குப் பள்ளிக்கூடம் இருந்தது. பிள்ளைகள் திரும்ப நாலேகாலுக்கு மேல் ஆகும். தாய்மார் பையைக் கொண்டுபோய் வீட்டில் மாட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

இரண்டேகாலுக்குக் குருமூர்த்தி வார்டு ஆபீசுக்கு அவளைத் தேடி வந்தார். துப்புரவு மேற்பார்வையாளர், கம்மாபுரத்துக்காரர், ரிட்டையர் ஆக இரண்டு வருடம் பாக்கி. எப்போதும் உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறவர், அன்று வாசற்படியிலேயே நின்றார்.

"மேடம், கொசு மருந்து கேன் ஒழுவியிருக்குது."

"எந்த கேன்?"

"பின்ரூம்ல, மேல்தட்டுல வச்சிருந்தமே, அது. மூடி வெடிச்சிருக்குது. அதுக்கு நேர் கீழதான் பிஸ்கட்டுப் பெட்டி ரெண்டும் இருந்திச்சி."

அனுசியாவின் கை மேசைமேல் இருந்த டீ டம்ளரைத் தொட்டு, எடுக்காமல் திரும்பி வந்தது.

"ரெண்டுமா நனைஞ்சிருக்குது?"

"ஒரு பெட்டி இன்னும் அங்கியேதான் கெடக்குது. ஓரமெல்லாம் ஊறி வாடை அடிக்குது. காலைல எடுத்தாந்தது மேல இருந்த பெட்டியா, கீழ இருந்ததான்னுதான் தெரியல. ஒண்ணியும் ஆவாமயும் இருக்கலாம். ஆயிருந்தாலும் ஆயிருக்கும்."

அந்த அறையில் பெட்டிகளை வைக்கச் சொன்னதே அனுசியாதான். மழையில் நனையாமல் இருக்கட்டும் என்று சொன்னாள். மருந்து வைக்கிற இடத்தில் தின்கிற சாமான் எதற்கு என்று குருமூர்த்தி அன்றைக்கே இழுத்தார். இப்போது அதை அவர் சொல்லிக்காட்டவில்லை. அதுதான் அவளுக்கு அதிகமாக உறைத்தது.

"ஆளு வுட்டு வாங்கிடலாமா மேடம்?"

"இருங்க. ஆளு போயி வூடுவூடா பிஸ்கட்ட புடுங்குனா என்னா ஏதுன்னு கேப்பாங்க. ஊரே தெரண்டுரும். மூணு மணிக்குத்தான் செய்தி போவுதே, அதுலயே சேத்துர்றேன். அவங்களே எடுத்து வச்சிருவாங்க, நாம அமைதியா வாங்கிக்கலாம்."

போனைக் கையில் எடுத்தாள். முதல் தடவை இப்படிப் பேசினாள்: "இன்னிக்கு முகாமில நான் கொடுத்த பிஸ்கட்டுல கொசு மருந்து பட்டிருக்கலாம்." பேசி முடித்துக் கேட்டுப் பார்த்தாள். தன் குரலே தன்னைக் காட்டிக்கொடுப்பதுபோல் இருந்தது. அழித்தாள். இரண்டாவது தடவை கொசு மருந்து போயிற்று: "முகாமில கொடுத்த பிஸ்கட்டுல ஒரு குறை இருக்குது." அதையும் கேட்டாள். முகாம் என்றால் யார் நடத்திய முகாம் என்று ஒரு கேள்வி வருமே. அழித்தாள். மூன்றாவது தடவை முகாமும் போயிற்று, கொடுத்தவளும் போனாள்.

மூன்று மணிக்கு வார்டு முழுக்கக் கேட்டது இதுதான்: தண்ணீர், நாய், சாக்கடை மூடி எல்லாம் சொல்லி, நடுவில், "நம்ம வூடுகளுக்கு வந்திருக்கிற பிஸ்கட்டுல சின்னக் குறை இருக்கிறதா தெரியுது. யாரும் பதட்டப்பட வேண்டாம். பிஸ்கட்ட தொடாம தனியா எடுத்து வைங்க. நம்ம ஆளுங்க வந்து வாங்கிக்குவாங்க." அதன்பின் பென்ஷன் மனு. அதன்பின் நன்றி வணக்கம்.

அனுப்பியதும் நிம்மதி வரும் என்று நினைத்தாள். வரவில்லை. எழுந்தாள், ஜன்னல் வரை போனாள், உட்கார்ந்தாள். ஆட்டோ மைக் இரண்டு தெரு தள்ளி அவள் குரலிலேயே கத்திக்கொண்டு போவது காதில் விழுந்தது. "சின்னக் குறை... சின்னக் குறை" என்று சுவரில் மோதித் திரும்பி வந்தது. மூன்று இருபதுக்குமேல் அவளால் முடியவில்லை. குருமூர்த்தியின் டூவீலரில் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். மடியில் ஒரு காலி சாக்கு.

சூளைமேட்டுத் தெருவைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். தெருவின் அந்தக் கோடியில் பீங்கான் யூனிட்டுகள். ஆண்களும் பெண்களுமாகப் பாதிப் பேர் அங்கே வேலைக்குப் போகிறார்கள். வீட்டில் இருக்கிற பெண்களுக்கு யூனிட்டிலிருந்து டெம்போவில் பொம்மைகள் வரும். யானை, வாத்து, பிள்ளையார் என்று உள்ளங்கை அளவுப் பொம்மைகள், சூளையில் ஒரு வேக்காடு மட்டும் வெந்து, பளபளப்பு ஏறாமல், வெளிறிப்போய் வரும். அவற்றை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பிசிறு எடுத்துக் கொடுத்தால், திரும்பப் போய்ப் பூச்சு வாங்கி இரண்டாம் தடவை வேகும். அன்று காலையிலும் டெம்போ வந்து போயிருந்தது.

அனுசியா வண்டியைவிட்டு இறங்கியபோது தெரு ஒழுங்காக இருந்தது. வீட்டுக்கு வீடு வாசலில் தட்டுகள் வரிசையாக வைத்து, மேலே துணி போட்டு மூடியிருந்தார்கள். உப்புத்தாள் தேய்க்கிற சத்தம் ஒரு வீட்டிலும் இல்லை. பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். சொன்னதைக் கேட்டு இவ்வளவு சுத்தமாக எடுத்து வைத்திருக்கிறார்களே என்று அவளுக்குக் கண் கலங்கிவிட்டது, பாவம்.

முதல் வீடு வீராயி வீடு. அறுபது வயது, அந்தத் தெருவில் முதன்முதலாகப் பொம்மை தேய்க்க உட்கார்ந்தவள், வாய்க்குப் பூட்டு இல்லாதவள்.

"வாம்மா கவுன்சிலரு," என்றாள். "நாய்க்கு ஊசி போட்டாச்சி, சாக்கடைக்கு மூடி போட்டாச்சி, இப்ப எங்க கைவேலைக்குக் குறை சொல்ல வந்தாச்சி. அப்படித்தான?"

"கைவேலையா? இல்லீங்கம்மா, பிஸ்கட்டு..."

"இந்தா கெடக்குது பிஸ்கட்டு. தொடாதன்னு சொன்ன, தொடல. காலைலேர்ந்து நூத்தி இருவது வாத்து தேச்சி வச்சிருக்கறன். என்னா குறைன்னு கண்ணால காட்டு. கீறலா? வளைசலா?"

துணியை விலக்கினாள். தட்டு நிறைய வாத்துகள். வெள்ளையும் இல்லாமல், காவியும் இல்லாமல், கண் வரையாத வாத்துகள்.

அனுசியா தட்டைப் பார்த்தாள், வீராயியைப் பார்த்தாள். "என்னங்கம்மா இது?"

"என்னாவா? பிஸ்கட்டு!"

"இது பொம்மைங்க."

"பூச்சு ஏறி வெந்தாத்தான் பொம்மை. ஒரு வேக்காட்டுல இருக்கறவரைக்கும் பிஸ்கட்டு. எங்க ஆயா காலத்துலேர்ந்து அதான் பேரு. நீ எந்த ஊரு?"

பக்கத்து வாசலில் இருந்து ஒருத்தி சிரித்தாள். "சேத்தியாத்தோப்புல நெல்ல பிஸ்கட்டும்பாங்க போல."

குருமூர்த்தி கையில் இருந்த சாக்கு தரையில் விழுந்தது. அனுசியாவுக்கு அந்தச் சிரிப்பு எங்கோ தூரத்தில் கேட்டது. "நான் சொன்னது இது இல்லீங்கம்மா. திங்கிற பிஸ்கட்டு. பையில இருந்துச்சே, பொட்டலம், அது."

"அது ரொட்டி," என்றாள் வீராயி, குழந்தைக்குச் சொல்வதுபோல. "திங்கிறது ரொட்டி. அத எதுக்குத் தனியா எடுத்து வைக்கணும்? புள்ளைங்க வந்ததும் கையில கொடுக்கத்தான் ஆணியில மாட்டி வச்சிருக்கறோம்."

நான் பல வருடமாக யோசித்துப் பார்த்திருக்கிறேன், ஒரு சொல் இரண்டு வீட்டில் இரண்டு பொருளாக இருந்தால் அது யார் குற்றம் என்று. அந்தச் சொல்லின்மேல் குற்றம் இல்லை. முகாமில் கொடுத்தது என்று ஒரு வார்த்தை கூடச் சேர்த்திருந்தால், வீராயிக்கும் விளங்கியிருக்கும், வீராயியின் வாத்துக்கும் விளங்கியிருக்கும்.

அனுசியா போனில் மணி பார்த்தாள். மூன்று நாற்பது. நாலேகாலுக்கு மணி அடித்தால், நாலே இருபதுக்கு இந்தத் தெரு முழுக்கப் பிள்ளைகள்.

"திரும்ப ஒரு செய்தி போட்ருங்க மேடம்," என்றார் குருமூர்த்தி.

"யாரு போன பாக்கப்போறாங்க இப்ப?" அவள் திரும்பித் தெருமுனையைப் பார்த்தாள். ஆட்டோ இரண்டாவது சுற்றுக்காகத் திரும்பிக்கொண்டிருந்தது. அவள் குரல் மறுபடியும் நாய்களுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தது. ஓடினாள். செருப்பு ஒன்று சேற்றில் நின்றுவிட்டது. டிரைவரின் கையில் இருந்து மைக்கைப் பிடுங்கி, பதிவை நிறுத்தி, வாயருகே வைத்தாள். தெருவே வாசலுக்கு வந்து அவளைப் பார்த்தது.

"நான் அனுசியா பேசறேன்," என்றாள். "பதிவு இல்ல, நான்தான், நேர்ல. பிஸ்கட்டு இல்ல. ரொட்டி. மத்தியானம் முகாமில நான் கொடுத்த பையில இருக்குதே, ரொட்டிப் பொட்டலம். அதுல கொசு மருந்து கொட்டியிருக்குது. கொட்டியிருக்கலாம். எதுல கொட்டுச்சி எதுல கொட்டலன்னு தெரியல. எனக்குத் தெரியல. புள்ளைங்க கையில கொடுத்துடாதீங்க. யாராச்சும் தின்னுருந்தா உடனே சொல்லுங்க. நான்தான் அந்த ரூமுல வைக்கச் சொன்னேன். திட்றது அப்புறம் திட்டுங்க. இப்ப பொட்டலத்த கொண்டாங்க."

அடுத்த நொடி வீடுகளுக்குள் ஆணியில் இருந்து பைகளை இழுக்கிற சத்தம், பாத்திரம் உருள்கிற சத்தம். ஒருத்தி பையோடு கொண்டுவந்து சாக்கில் வீசினாள். ஒருத்தி பொட்டலத்தை இரண்டு விரலால் செத்த எலியைத் தூக்குவதுபோல் தூக்கி வந்தாள். யாரோ அழுதார்கள், யாரோ அனுசியாவின் வம்சத்தையே இழுத்துத் திட்டினார்கள். குருமூர்த்தி ஒவ்வொரு பொட்டலத்தையும் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து, வாடை அடிக்கிறதைத் தனியாகப் போட்டார். வீராயி தட்டில் இருந்த வாத்துகளைத் தரையில் கொட்டிவிட்டு அந்தத் தட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள், வாடை அடிக்கிறதை வைக்க.

பத்து நிமிடத்தில் நாற்பது வந்தது.

"இன்னும் ஒண்ணு," என்றார் குருமூர்த்தி.

"யாரு கொடுக்கல?" அனுசியா மைக்கிலேயே கேட்டாள். "யாரு வூட்டுது?"

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வீராயிதான் முதலில் சொன்னாள். "கொளஞ்சி வூடு பூட்டிக் கெடக்குது. அவ முகாமுக்கு அரை மணி பெர்மிஷன்ல வந்தா. பையோடவே யூனிட்டுக்குப் போயிட்டா."

"அவளுக்குப் புள்ள?"

"வெண்பா. அஞ்சு வயசு. பால்வாடி மூணு மணிக்கே வுட்டுரும். நேரா அம்மாகிட்டதான் போவும் அது."

மூன்று மணிக்கே. அனுசியா அப்படியே ஆட்டோவில் ஏறினாள். வீராயியும் கேட்காமல் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். "போன் அடிங்க அவளுக்கு!" என்றாள் அனுசியா.

"யூனிட்டுல போன எங்க எடுக்குறது? கல்லு அரைக்கிற மில்லு ஓடுனா இடி வுழுந்தாகூட கேக்காது. அதனாலதான் ஒன் மைக்கும் அவளுக்குக் கேட்டிருக்காது. நீ மொதல்லயே வாயத் தொறந்து கொசு மருந்துன்னு சொல்லியிருந்தா, எவளாச்சும் ஒருத்தி ஓடிப்போயி சொல்லியிருப்பா. குறையாம் குறை! பொண்ணு பாக்கப் போன எடத்துல பேசறமாதிரி!"

"தப்புதாங்கம்மா."

"தப்புன்னு எங்கிட்ட சொல்லி என்னா? ஏன்டா தம்பி, வேகமா ஓட்டு. அந்த மைக்க நிறுத்துடா மொதல்ல, நான் இவள திட்றது ஜங்ஷன் வரைக்கும் கேக்குது!"

மைக் அணைந்தது. தெருவின் அரை மைல் அன்றைக்கு மூன்று மைலாக நீண்டது. இடது பக்கம் உடைந்த பீங்கான் சில்லுகள் குவிந்து கிடந்தன. ஆட்டோ அவற்றின்மேல் ஏறிக் கரகரவென்று போயிற்று.

யூனிட்டுக்குள் நுழைந்ததும் அனுசியாவுக்குக் காது அடைத்துவிட்டது. உருளை மில் ஒன்று கூழாங்கல்லும் மண்ணுமாகப் புரட்டி அரைத்துக்கொண்டிருந்தது. கொளஞ்சி கோடியில், கைப்பிரஸ்ஸில் மண்ணை வைத்துக் கரண்டு பெட்டிக்கான ஃபியூஸ் கட்டை அழுத்திக்கொண்டிருந்தாள். முப்பது வயது, ஒல்லி, முழங்கை வரை வெள்ளை மண். அனுசியா கத்தினாள். கொளஞ்சி நிமிர்ந்து, கவுன்சிலர் வாய் அசைவதைப் பார்த்து, சிரித்துக் கும்பிட்டாள். யூனிட்டைப் பார்வையிட வந்திருப்பதாக நினைத்துக்கொண்டாள்.

"வெண்பா எங்க?"

கொளஞ்சி காதில் கை வைத்துக் காட்டினாள், கேட்கவில்லை என்று. வீராயி அங்கே வேலை செய்தவள். நேராகப் போய்ச் சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டினாள். மில் முனகிக்கொண்டே நின்றது. அந்தத் திடீர் அமைதியில் அனுசியாவின் கத்தல் மட்டும் தனியாக நின்றது: "புள்ள எங்க!"

பிள்ளை பின்வாசலில் இருந்தாள். காலி அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில், ஒரு பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். மடியில் பொட்டலம் பிரிந்து கிடந்தது. வாயோரம் தூள்.

பயந்துவிடாதீர்கள். வெண்பா இன்றைக்கும் இருக்கிறாள், நன்றாக இருக்கிறாள். ஆனால் அந்த நேரத்தில் அது யாருக்கும் தெரியாதே.

அனுசியா பொட்டலத்தைப் பிடுங்கி முகர்ந்தாள். தாளின் ஒரு மூலை மெழுகுபோல் வழவழத்தது. மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாடை.

"எத்தினி தின்ன, கண்ணு?"

வெண்பா அம்மாவைப் பார்த்தாள். திருடிவிட்டதாக நினைத்தாளோ என்னவோ, வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"எத்தினிடி தின்ன?" கொளஞ்சிக்கு இன்னும் ஒன்றும் புரியவில்லை, ஆனால் கவுன்சிலர் பொட்டலத்தை முகர்ந்ததைப் பார்த்துவிட்டாள். "என்னாங்க ஆச்சி? என்னா அது?"

"ரொட்டி சரியில்ல கொளஞ்சி. வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துருவோம்."

பாருங்கள், தெருவுக்கே மைக்கில் சொன்னவளுக்கு, அந்த ஒருத்தியின் முகத்துக்கு நேராகச் சொல்ல வாய் வரவில்லை. வீராயி ஒரு பார்வை பார்த்தாள். ஆனாலும் பிள்ளையைத் தூக்கியாயிற்று, ஆட்டோ கிளம்பியாயிற்று. கொளஞ்சி மண் கையோடு பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு, "சரியில்லன்னா என்னா, ஊசிப் போச்சா? பூசணம் புடிச்சிருச்சா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அனுசியா வெளியே பார்த்துக்கொண்டே இருந்தாள். ரயில்வே கேட்டில் வண்டி நின்றது. வீராயி இறங்கிப் போய்க் கேட் அருகில் நின்றவர்களையெல்லாம் ஒதுக்கி வழிவிட வைத்தாள். ரயிலை மட்டும் அவளால் ஒதுக்க முடியவில்லை. அந்த நாலு நிமிடம் அனுசியா பிள்ளையின் உதடுகளையே பார்த்தாள்.

அரசு ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரு இளம் டாக்டரம்மா. பிள்ளையைக் கட்டிலில் உட்காரவைத்துக் கண்ணில் வெளிச்சம் அடித்துக்கொண்டே கேட்டாள்.

"என்ன சாப்பிட்டா?"

"ரொட்டிங்க," என்றாள் கொளஞ்சி.

"ரொட்டில என்ன?"

கொளஞ்சி அனுசியாவைத் திரும்பிப் பார்த்தாள். டாக்டரும் பார்த்தாள். தப்பிக்க வேறு வார்த்தை எதுவும் அந்த அறையில் இல்லை.

"கொசு மருந்துங்க டாக்டர்," என்றாள் அனுசியா. "வார்டுல அடிக்கிற மருந்து. ஒழுவியிருக்குது. தாள்ல ஒரு மூலை நனைஞ்சிருக்குது."

கொளஞ்சியின் கை பிள்ளையின் முதுகில் அப்படியே நின்றது.

"மருந்தோட பேர் வேணும். கேன் மேல ஒட்டியிருக்கிறதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்க. இப்பவே." டாக்டரம்மா பிள்ளையின் பக்கம் குனிந்தாள். "பாப்பா, எத்தனை சாப்ட? கை விட்டுக் காட்டு."

வெண்பா மூன்று விரல் காட்டினாள். பிறகு ஒன்றை மடக்கினாள். "ஒண்ணு கீழ வுழுந்திச்சி. நாறுச்சி, தூக்கிப் போட்டன்."

குருமூர்த்தி அனுப்பிய படம் வந்தது. டாக்டரம்மா அதைப் பெரிதாக்கிப் படித்தாள், பொட்டலத்தின் நனைந்த மூலையைப் பார்த்தாள், மீதி இருந்த பிஸ்கட்டுகளை ஒவ்வொன்றாக முகர்ந்தாள். கையில் ஊசி குத்திப் பாட்டில் ஏற்றினார்கள். வாந்தி வந்தாலோ, கை கால் நடுங்கினாலோ, எச்சில் அதிகமாக ஊறினாலோ உடனே கூப்பிட வேண்டும் என்றார்கள். காலை வரைக்கும் இங்கேயே இருக்கட்டும் என்றார்கள். வீராயி, நான் போய் இவ புருஷனுக்கு ஆள் அனுப்புகிறேன் என்று கிளம்பினாள்.

அதன்பின் ஒன்றரை மணி நேரம். ஓடுகிறபோது பயம் தெரிவதில்லை, உட்கார்ந்தால்தான் தெரியும். அனுசியா பெஞ்சில் உட்கார்ந்தாள், எழுந்தாள், வராந்தா முனைவரை நடந்தாள், திரும்பி வந்தாள். பிள்ளை கொட்டாவி விட்டால்கூட எட்டிப் பார்த்தாள். ஒரு தடவை வெண்பா தும்மினாள். அனுசியா நர்ஸைக் கூப்பிட ஓடியே விட்டாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது. குருமூர்த்திதான். நாற்பதையும் பார்த்தாயிற்று, ஆறு பொட்டலத்தில் வாடை, வேறு எந்தப் பிள்ளையும் வாயில் வைக்கவில்லை, தெருவில் ஜனங்கள் கூடி நிற்கிறார்கள், மேடம் இப்போது அந்தப் பக்கம் வர வேண்டாம் என்றார். "வரேன்," என்றாள் அவள். "புள்ளைக்கு ஒண்ணுமில்லன்னு சொன்னதும் நேரா அங்கதான் வரேன். நிக்கச் சொல்லுங்க."

ஆறு மணிக்கு டாக்டரம்மா திரும்ப வந்து பார்த்தாள். கண், நாடி, வயிறு. "நல்லா இருக்கா. உள்ள போயிருந்தாலும் துளிதான் போயிருக்கும். எதுக்கும் காலை வரைக்கும் பாத்துட்டே அனுப்பறேன். பயப்பட ஒண்ணும் இல்லம்மா," என்று கொளஞ்சியின் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

கொளஞ்சி அழுவாள் என்று அனுசியா நினைத்தாள். அழவில்லை. கையில் காய்ந்து உதிர்கிற மண்ணை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"ஒங்களுக்கு எப்பங்க தெரியும்?" என்றாள், நிமிராமல்.

மூன்று மணி என்று சொல்லலாம். செய்தி போனதே மூன்று மணிக்குத்தான், யாரும் மறுக்க மாட்டார்கள். அனுசியாவின் நாக்கு நுனிவரை அது வந்தது.

"ரெண்டேகாலுக்கு," என்றாள்.

கொளஞ்சி தலையாட்டினாள். திட்டவில்லை. எதையோ மனதுக்குள் கூட்டிக்கழித்துப் பார்க்கிறவள்போல் இருந்தாள். "மூணு அடிச்சி அஞ்சு நிமிஷத்துக்கு வந்தா இவ. பசிக்குதுன்னா. நான்தான் பொட்டலத்த பிரிச்சிக் கொடுத்தன். என் கையாலதான்."

"கொளஞ்சி..."

"எங்க தெருவுலேர்ந்து யூனிட்டுக்கு நடந்தா பத்து நிமிஷம். ஆளு வுட்டிருக்கலாம் நீங்க."

அனுசியாவிடம் மில் சத்தம், மழை, பெட்டி, சொல் என்று நாலைந்து காரணங்கள் இருந்தன. அதில் ஒன்றுகூட இந்த முக்கால் மணி நேரத்துக்குள் நுழையவில்லை. "வுட்டிருக்கணும்," என்றாள். "பயந்துட்டேன். புள்ளைங்களுக்காக இல்ல. எனக்காக."

கட்டிலில் வெண்பா நெளிந்தாள். "அம்மா, ஒண்ணுக்கு வருது."

"நான் கூட்டிட்டுப் போறேன், நீங்க உக்காருங்க," என்று அனுசியா எழுந்தாள்.

"வேணாம்." கொளஞ்சி பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பாட்டில் தொங்கிய கம்பிக்குச் சக்கரம் இல்லை, இழுத்தால் நகரவில்லை. ஒரு கையில் பிள்ளை, பிள்ளையின் கையில் ஊசி, ஊசியில் இருந்து குழாய். கொளஞ்சி இரண்டு தடவை எட்டிப் பார்த்தாள், எட்டவில்லை. கேட்கவும் இல்லை. அனுசியா பாட்டிலைக் கொக்கியிலிருந்து கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

மூன்று பேருமாக வராந்தாவில் நடந்தார்கள். முன்னால் தாயும் பிள்ளையும், ஒரு முழம் பின்னால் ஒற்றைச் செருப்போடு கவுன்சிலர். பெஞ்சுகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவளைத் தெரிந்தவர்கள் ஒருவரிடம் ஒருவர் குனிந்து ஏதோ சொன்னார்கள். நடக்க நடக்க அவள் கை தளர்ந்து தோள்வரை இறங்கிவிட்டது, அவளுக்குத் தெரியவில்லை.

கொளஞ்சி நின்றாள். திரும்பிக் குழாயைப் பார்த்தாள்.

"ஒசத்திப் புடிங்க," என்றாள். "ரத்தம் ஏறுது பாருங்க."

அனுசியா உயர்த்திப் பிடித்தாள்.